காலங்கடந்து வரும் பாக்கிக் கோரிக்கை

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கொடுக்கல் வாங்கலுக்கு இதைவிடச் சிறந்த விதி வேறில்லை. ஆயினும் நமது கிராமங்களில் விதை, உரம், பூச்சிமருந்து, மோட்டார் உதிரிப் பொருள்கள் ஆகியன பெரும்பாலும் அவசரத்திலேயே வாங்கப்படுகின்றன. நடவு தொடங்கிவிட்டது, ஆட்கள் வயலில் காத்திருக்கின்றனர், வண்டி கடை வாசலில் நிற்கிறது. அவ்வேளையில் கடைக்காரர் எழுதித் தரும் பில்லை எவரும் வரி வரியாகப் பார்ப்பதில்லை. எழுதுகிறவரும் அவசரத்திலேயே எழுதுகிறார். அப்போது நேர்ந்த சிறு பிழை, ஓராண்டோ ஈராண்டோ கழிந்த பின், ‘உங்கள் பேரில் பாக்கி நிற்கிறது’ என்ற கோரிக்கையாக வந்து சேர்கிறது.

இத்தகைய கோரிக்கை வரும்போது மக்கள் இருவகையாக நடந்துகொள்வதைக் காண்கிறோம். சிலர், நாலு பேர் நடுவில் கடன்காரன் எனப் பெயர் வரக்கூடாதென்று அஞ்சி, கேட்ட தொகையை அப்படியே கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், ‘அன்றைக்கே பணம் கொடுத்தாகிவிட்டது, இன்றைக்கு என்ன கணக்கு?’ என்று சினந்து மறுத்துவிடுகின்றனர். முன்னவர் கொடுக்க வேண்டாததையும் கொடுத்து நஷ்டமடைகிறார். பின்னவர், உண்மையாகவே கொடுக்க வேண்டியது இருந்தால், பிறர் பொருளை வைத்துக்கொண்டவராகிறார். அடுத்த பருவத்தில் அந்தக் கடையில் கடனும் கிடைப்பதில்லை. அச்சமுமின்றிக் கோபமுமின்றி, கணக்கைக் கேட்டு, கணக்கைப் பார்த்து, கணக்கின்படி கொடுப்பதே முறை. அம்முறையை விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்துகொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செய்ய வேண்டியது

பாக்கிக் கோரிக்கை பெரும்பாலும் வாய்மொழியாகவே வருகிறது. டீக்கடையிலோ, சந்தையிலோ, சில வேளை வீட்டுப் பிள்ளைகளிடமோ சொல்லி அனுப்பப்படுகிறது. அவ்விடத்தில் ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் சொல்ல வேண்டாம். ‘எழுத்தில் தாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்’ என்ற ஒரே பதில் போதும். இதனால் எவர் மனமும் புண்படாது. எவர் உரிமையும் குறையாது.

எழுத்தில் வரும் கோரிக்கையுடன் மூன்று ஆதாரங்களைக் கேட்டுப் பெற வேண்டும். ஒன்று, பொருள் வாங்கிய நாளில் எழுதிய மூலப் பில்லின் நகல். இரண்டு, பொருள் ஒப்படைக்கப்பட்டதற்கான சான்று. அது டெலிவரி சலானாக இருக்கலாம், உரக்கடையின் விற்பனை இயந்திரம் அச்சிட்ட சீட்டாகவும் இருக்கலாம். மூன்று, பிழை எது, அது எப்படித் திருத்தப்படுகிறது என்பதைக் காட்டும் திருத்தச் சீட்டு. சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்ற வியாபாரி, தாம் கொடுத்த வரிப் பில்லில் விலையோ வரியோ குறைவாக எழுதப்பட்டிருந்தால், 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டப்படி டெபிட் நோட் எனப்படும் பற்றுக் குறிப்பை வழங்க வேண்டும். அதில் பழைய பில்லின் எண்ணும் தேதியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். துண்டுக் காகிதத்தில் எழுதிய ஒரு தொகை பற்றுக் குறிப்பாகாது.

‘எங்கள் பேரேட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்று மட்டும் வியாபாரி கூறினால் அது போதுமா? போதாது. முறையாக எழுதப்பட்டு வரும் கணக்குப் புத்தகத்தின் பதிவு சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அப்பதிவு ஒன்றை மட்டுமே கொண்டு ஒருவர் மீது கடன் பொறுப்பைச் சுமத்த இயலாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. கணினியில் வைக்கப்படும் கணக்குக்கும் இதுவே விதி.

பிழை எவ்வகையைச் சேர்ந்தது?

ஆதாரங்கள் வந்தபின், நேர்ந்த பிழை எவ்வகையது என்று பிரித்தறிய வேண்டும். எல்லாப் பிழைக்கும் ஒரே தீர்ப்பு இல்லை.

முதல் வகை, கூட்டல் அல்லது பெருக்கல் பிழை. மூட்டையின் எண்ணிக்கையும் விலையும் சரியாக இருக்க, மொத்தம் மட்டும் தவறாக இருப்பது இது. பில்லே இதற்குச் சாட்சி. குறைந்த தொகை கொடுக்க வேண்டியதே.

இரண்டாம் வகை, வாங்கிய பொருள் பில்லில் விடுபட்டுப் போவது. பொருள் வந்ததற்குச் சான்று இருந்தால், அல்லது வாங்கியவருக்கே அது வந்தது நினைவிருந்தால், அதன் விலை கொடுக்க வேண்டியதே.

மூன்றாம் வகை, விலையே பிற்பாடு மாறுவது. ‘மூட்டை ஒன்று ரூ. 1,450, தவறிப்போய் ரூ. 1,300 போட்டுவிட்டோம்’ என்று சொல்லப்படும். இங்கே நிதானம் வேண்டும். இருவரும் ரூ. 1,300 எனப் பேசி, பொருளைக் கொடுத்து, பணத்தையும் பெற்றபின், அந்த விலையே ஒப்பந்த விலை. ஒரு தரப்பார் மட்டும் தவறாக எண்ணியிருந்தார் என்ற காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமற் போவதில்லை என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. பேசிய விலை ஒன்று, எழுதிய விலை வேறு என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே இக்கோரிக்கை நிற்கும். மேலும், மூட்டையில் அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் எந்நாளும் கேட்க இயலாது; அந்த விலை எல்லா வரியும் உட்பட்டதாகும்.

நான்காம் வகை, கொடுத்த பணம் வரவு வைக்கப்படாமற் போவது. கடைப் பையனிடம் கொடுத்த ரொக்கம், வேறு கணக்குக்குச் சென்ற யு.பி.ஐ. தொகை ஆகியன இவ்வகை. ரசீதையும், வங்கிக் கணக்குப் புத்தகத்தையும், பரிமாற்ற எண்ணையும் காட்டினால் கோரிக்கை அத்துடன் முடிந்தது.

ஐந்தாம் வகை, ஒருவர் பற்று மற்றொருவர் பேரில் ஏறுவது. ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்டவர் இருவர் மூவர் இருப்பது நமக்குப் புதிதன்று. பில்லில் உள்ள தகப்பனார் பெயரையும் கைப்பேசி எண்ணையும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

ஒரு கணக்கு

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒரு விவசாயி எட்டு மூட்டை காம்ப்ளெக்ஸ் உரம், மூட்டை ரூ. 1,300 விலையில் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ரூ. 10,400 வர வேண்டும். பில்லில் ரூ. 9,400 என எழுதப்பட்டது. அவரும் அதைச் செலுத்தினார். பதினைந்து மாதங்கள் கழித்துக் கடையின் கணக்கர் இதைக் கண்டுபிடித்தார். குறைந்த தொகை ரூ. 1,000, நூற்றுக்கு இருபத்துநான்கு வீதம் வட்டி ரூ. 300, பழைய பாக்கி ரூ. 450, ஆக மொத்தம் ரூ. 1,750 என்று கோரிக்கை வந்தது.

இத்தொகையை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரூ. 1,000 என்பது பில்லிலேயே தெரியும் பெருக்கல் பிழை. உரம் வயலுக்குச் சென்றது. விளைச்சலும் வீட்டுக்கு வந்தது. ஆகவே அதைக் கொடுப்பதே நியாயம். ரூ. 300 வட்டிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா என்று கேட்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிடில், வட்டி உண்டா, எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யலாமேயன்றி, வியாபாரி தாமாக ஒரு வீதத்தை வகுத்துக்கொள்ள இயலாது. அதிலும் பிழை செய்தவர் அவரே. பதினைந்து மாதம் கேட்காமல் இருந்தவரும் அவரே. ரூ. 450 பழைய பாக்கிக்குப் பில் எங்கே? முந்தைய பருவத்தில் ‘கணக்கு நேர்’ என்று எழுதிக் கொடுத்த ரசீது விவசாயியிடம் இருந்தால் அக்கோரிக்கைக்கு இடமே இல்லை.

ஆகவே அந்த விவசாயி ரூ. 1,000 மட்டும் கொடுத்து, ‘இன்ன எண்ணுள்ள பில்லின் பெருக்கல் பிழைக்காகப் பெற்றுக்கொண்டது, இப்பில்லில் இனிப் பாக்கியில்லை’ என்று எழுதிய ரசீதைப் பெற வேண்டும். ரூ. 1,750 கொடுத்திருந்தால் ரூ. 750 வீண். ஒன்றும் கொடாமல் இருந்திருந்தால் பிறர் பொருள் ரூ. 1,000 அவர் கையில் தங்கியிருக்கும். கணக்குப் பார்ப்பதன் பயன் இதுவே.

காலவரையறை

‘இவ்வளவு நாள் கழித்துக் கேட்கலாமா?’ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்காக வழக்குத் தொடரும் காலம் மூன்று ஆண்டுகள். கடன் தவணை எதுவும் பேசாத நிலையில், பொருள் ஒப்படைத்த நாளிலிருந்து அது எண்ணப்படும். ‘அறுவடை முடிந்து இன்ன தேதியில் தருகிறேன்’ என்று தவணை பேசியிருந்தால், அத்தவணை முடிந்த நாளிலிருந்து எண்ணப்படும். தவற்றின் விளைவை நீக்கக் கோரும் வழக்குகளில், தவற்றைக் கண்டறிந்த நாள் அல்லது தக்க கவனத்துடன் பார்த்திருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய நாள் கணக்கில் கொள்ளப்படுவதும் உண்டு. பேரேட்டை ஒரு முறை புரட்டினாலே தெரிந்திருக்கும் பிழையை ‘இன்றுதான் கண்டேன்’ என்பது எளிதில் ஏற்கப்படும் வாதமன்று. பெருந்தொகையாயின் வழக்கறிஞரைக் கேட்பதே நலம்.

ஆகையால் ஓராண்டு, ஈராண்டு தாமதம் என்பதால் மட்டும் கோரிக்கை செல்லாமற் போகாது. தாமதம் வியாபாரியின் சான்றுகளை மெலியச் செய்யலாம்; மூன்றாண்டுக்குள் அவர் உரிமையை அழிப்பதில்லை. மூன்றாண்டு கடந்தபின் வழக்கு நில்லாது. எதிர்வாதம் செய்யாவிடினும் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஆயினும் காலவரையறை வழக்கிடும் வழியைத்தான் அடைக்கிறது. கடனை இல்லை என்று ஆக்குவதில்லை. உண்மையாக வாங்கிய பொருளுக்கு மூன்றாண்டு கடந்தும் மனமுவந்து விலை கொடுப்பவரைச் சட்டம் தடுப்பதில்லை. அது அவரவர் மனச்சாட்சிக்குரிய காரியம்.

கையெழுத்தில் எச்சரிக்கை

கோரிக்கையுடன் சில வேளை ஒரு தாளும் நீட்டப்படும். ‘பாக்கி சரி என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள், பணம் மெதுவாக வரட்டும்’ என்பார்கள். இச்சொல் இனிமையானது, விளைவு பெரியது. மூன்றாண்டு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாக மூன்றாண்டு தொடங்குகிறது. கடனில் ஒரு பகுதியைச் செலுத்தி, அதற்கு எழுத்துச் சான்றும் தந்தால் அவ்வாறே. மூன்றாண்டு கடந்த பின்பும், ‘கொடுக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதி, ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லும். ஆகவே கணக்குச் சரிபார்த்து முடியும்வரை எத்தாளிலும் கையெழுத்திட வேண்டாம். தொகை எழுதாத பிராமிசரி நோட்டில் எக்காலத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

விவசாயிகள் மற்றொன்றையும் அறிய வேண்டும். பாக்கிக்காக ஒருவரது நெல்லையோ, மாட்டையோ, மோட்டாரையோ வியாபாரி தாமே எடுத்துச் செல்ல உரிமையில்லை. பணம் வசூலிக்க அவருக்குள்ள வழி நீதிமன்றமே.

பஞ்சாயத்தின் நிலை வேறு

தனி மனிதர் தம் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். பஞ்சாயத்து அவ்வாறு செய்ய இயலாது. அது ஊரார் பணம். கிராமப் பஞ்சாயத்தின் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகுத்ததும், ஒருவரது இரக்கமோ அவசரமோ மட்டும் பொதுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பதற்கே.

ஒரு பஞ்சாயத்து நாற்பது எல்.இ.டி. தெருவிளக்குகளுக்கு ஆணை கொடுத்தது, பில் முப்பத்தாறு விளக்குகளுக்கே வந்தது, பணமும் கொடுத்தாயிற்று. ஈராண்டு எட்டு மாதம் கழித்து, மீதி நான்கு விளக்குகளுக்கு, விளக்கு ரூ. 1,800 வீதம் ரூ. 7,200 கேட்டுக் கடிதம் வருகிறது. அதற்குள் பொறுப்பில் இருந்தவர்கள் மாறிவிட்டனர். இப்போது என் செய்வது?

முதலில் இருப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நாற்பது விளக்குகள் வரவில் உள்ளனவா, முப்பத்தாறுதானா? அடுத்து, பஞ்சாயத்தின் தீர்மானமும் ஆணையும் எத்தனை விளக்குகளுக்கு, எவ்விலைக்கு என்று பார்க்க வேண்டும்; விலைப்புள்ளியில் ‘வரி உட்பட’ என்று இருந்தால், வரியை விட்டுவிட்டோம் என்ற பிற்காலக் கோரிக்கை நில்லாது. பிறகு, இதே தொகை வேறு செலவுச் சீட்டில் முன்னரே கொடுக்கப்பட்டுள்ளதா என்று மூன்று கணக்குகளின் ரொக்கப் புத்தகங்களையும் பார்க்க வேண்டும். இறுதியாக, மூன்றாண்டு கடந்ததா என்று தேதியைப் பார்க்க வேண்டும்.

இருப்பில் நாற்பதும் ஏறியிருந்து, முன்னர்ப் பணம் கொடுக்கப்படாமலும், காலம் கடவாமலும் இருந்தால், வியாபாரியிடம் பற்றுக் குறிப்பைப் பெற்று, விவரங்களைப் பஞ்சாயத்துக் கூட்டத்தின் முன் வைத்து, தீர்மானம் நிறைவேற்றி, வங்கி வழியாகவே பணம் கொடுக்க வேண்டும். புதிய செலவுச் சீட்டில் பழைய சீட்டின் எண்ணைக் குறிக்க வேண்டும். பழைய சீட்டிலும் புதியதன் எண்ணைக் குறிக்க வேண்டும். இருப்பில் முப்பத்தாறே ஏறியிருந்தால், நான்கு விளக்குகள் வந்தனவென்று யாரோ வாயால் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்கலாகாது. காலம் கடந்த கோரிக்கையையும் தலைவர் தம் விருப்பப்படி தீர்க்காமல், வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு எழுதி ஆலோசனை பெற வேண்டும். ஆதாரமின்றிக் கொடுத்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழும். இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு கையெழுத்திட்டவர்களையே சாரக்கூடும்.

‘பழைய தலைவர் காலத்துக் கணக்கு, எமக்குத் தெரியாது’ என்று பதில் எழுதுவதும் தவறு. தலைவர் மாறலாம், அங்கத்தினர் மாறலாம், பஞ்சாயத்து மாறுவதில்லை. அது கொடுக்க வேண்டிய கடன் அதன் கடனே.

பதில் எழுதும் முறை

கோரிக்கை எழுத்தில் வந்தால் பதிலும் எழுத்தில் போக வேண்டும். மௌனம் பிற்காலத்தில் சம்மதமாகப் பேசப்படக் கூடும். பதில் பின்வருமாறு அமையலாம்:

‘தாங்கள் இன்ன தேதியில் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதில் குறித்த தொகையை யான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கைச் சரிபார்க்கும் பொருட்டு, மூலப் பில்லின் நகல், பொருள் ஒப்படைத்த சான்று, பிழையைக் காட்டும் பற்றுக் குறிப்பு ஆகியவற்றை அனுப்பக் கோருகிறேன். அவை கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் என் முடிவைத் தெரிவிப்பேன். கணக்கின்படி கொடுக்க வேண்டியது இருப்பின், ரசீது பெற்றுக்கொண்டு செலுத்தச் சித்தமாயிருக்கிறேன்.’

இக்கடிதத்தில் கடனை ஒப்புக்கொள்ளும் சொல் இல்லை. மறுக்கும் சொல்லும் இல்லை. இதை விரைவுத் தபாலில் அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும். தொகை உண்மையென்று தெரிந்து, ஒரே தடவையில் கொடுக்க வசதியில்லாவிடில், தவணை கேட்பதில் அவமானமில்லை. இருவரும் பேசி, தொகையையும் தவணைகளையும் எழுதிக்கொள்ளலாம்.

இணக்கம் ஏற்படாவிடில்

பேசித் தீராத வழக்குகளுக்கு அரசு பல வழிகளை அமைத்துள்ளது. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகி, வழக்குத் தொடருமுன்னரே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணமில்லை, அங்கு எட்டிய முடிவின் மீது மேல்முறையீடும் இல்லை. உரத்துக்கு உச்ச விலைக்கு மேல் கேட்டாலோ, பில் தர மறுத்தாலோ வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுக்கலாம். உர விற்பனைக்கு ரொக்க அல்லது கடன் பில் கட்டாயம் என்று 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும், விதை விற்பனைக்கு அவ்வாறே என்று 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் கூறுகின்றன.

பில் தராமையை முறையற்ற வியாபாரம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிக்கிறது. சாகுபடிக்காக விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வதற்குரிய காலம் ஈராண்டு.

பிழை வாங்கியவருக்கு எதிராகவும் நேர்வதுண்டு என்பதை மறக்கலாகாது. தவறுதலாக அதிகம் கொடுத்த பணத்தை, பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தச் சட்டத்தின் விதியே. வியாபாரி பழைய பில்லைத் திறந்தால், நாமும் அவ்வாண்டின் எல்லாப் பில்களையும் கூட்டிப் பார்ப்போம். இருபுறமும் கழித்தபின் நிற்பதே உண்மையான பாக்கி.

வருமுன் காத்தல்

இவையெல்லாம் நோய் வந்தபின் செய்யும் மருத்துவம். வராமற் காப்பது எளிது. பொருள் வாங்கும்போதே எண்ணிக்கை, விலை, மொத்தம் ஆகிய மூன்றையும் கடையிலேயே பார்க்க வேண்டும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் பெருக்கிப் பார்க்கச் சொல்லலாம். பில்களை ஒரு கம்பியில் கோத்தோ, ஒரு பையில் போட்டோ குறைந்தது மூன்றாண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். உரக்கடை இயந்திரச் சீட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ஆகையால் அதைப் படமெடுத்தோ நகலெடுத்தோ வைத்துக்கொள்வது நலம். ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் கடைக்காரருடன் அமர்ந்து கணக்கை ஒத்துப்பார்த்து, ‘கணக்கு நேர்’ என்று எழுதி வாங்க வேண்டும். பஞ்சாயத்துக்களில் பொருள் வந்த அன்றே இருப்பில் ஏற்றி, பில்லை இருப்புடன் ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

வியாபாரியும் விவசாயியும் ஒருவரையொருவர் நம்பியே பருவந்தோறும் காரியம் நடக்கிறது. நம்பிக்கை இருக்கும்போது கணக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். பதினைந்து மாதங்கழித்து ஒரு பழைய பில் வெளிவரும் நாளில், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது சரியாக எழுதிய கணக்கே. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கணக்குப் புத்தகமும், ஒவ்வொரு பஞ்சாயத்திலும் அன்றாடம் எழுதப்படும் இருப்புப் பதிவேடும் இருக்குமாயின், காலங்கடந்து வரும் கோரிக்கை எதற்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை; அதில் நியாயமானதைக் கொடுக்கத் தயங்க வேண்டியதுமில்லை.